கைப்பொருள் சிறிது, வழி நெடிது

(சங்கத்தின் ஆண்டு விழாவிற் பல்கலைக்கழக மாணவியொருவர் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு விழாவில் இளைஞர் சார்பிற் பேசுவதற்கு என்னை அழைத்த செயலாளர் அவர்கள், "என்ன பொருள்பற்றிப் பேசப் போகிறீர்?" என்று கேட்டார். "வேலையையும் வீட்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, சேர்த்துவைத்த சிறு தொகையோடு நெடுங்காலம் நாடு சுற்றுவதுபற்றி" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பேசும், ஆனால் இருக்கிற பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு போய்விடாதேயும்" என்றார்.

அவருடைய அச்சம் நியாயமானதே. இம்மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களுட் பலருக்கு, பிள்ளைகள் ஊரில் இல்லை. ஆதலால் "விட்டுப் போதல்" என்ற சொல்லை நான் இலேசாக எடுத்தாளப் போவதில்லை. என் வயதினருக்கு இனிப்பாயும், உங்கள் வயதினருக்குக் கசப்பாயும் இருக்கும் இச்சொல்லை இரு சாராரும் ஒருங்கே வைத்து ஆராயலாகாதா என்பதே என் முயற்சி. பிழை காணுமிடத்துச் சிறியவளென்று பொறுத்தருளுவீர்களாக.

ஊரைவிட்டுப் போதல் எம்மவர்க்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களாகவும் மலாயா சென்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர் உயிர் பிழைக்கவேண்டிப் பல்லாயிரவர் கடல் கடந்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே படித்தவரும் படியாதவரும் கடவுச்சீட்டுக்காக இரவிரவாக வரிசையில் நின்றதை நாமெல்லாம் கண்டோம். இவர்களுட் பலர் காணியை ஈடு வைத்தும், தாயின் நகையை அடைவு வைத்தும் போனவர்கள். அவர்கள் போனது கடனோடு. போன பின்னர் உழைத்ததும் கடனுக்காகவே.

இன்னொரு போக்கும் எம்மிடம் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை கால்நடையாக, கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து செல்லும் அடியார்களை அறிவீர்கள். ஒரு சிறு மூட்டை, ஒரு தடி, மாற்றுடை இவ்வளவே அவர்களுடைய சொத்து. கையிற் பொருள் குறைவென்று அவர்கள் நின்றுவிடுவதில்லை. நெடுவழியைச் சிறு கைப்பொருளோடு கடக்கலாம் என்பதை எம் பாட்டன் பாட்டிமார் நூல்கள் வாயிலாக அறியவில்லை, கால்களால் அறிந்தார்கள்.

நான் இன்று சொல்லப்போகும் போக்கு இவற்றுள் எதனோடும் முழுதும் சேராது. பிழைப்புக்காகவுமன்று, வீடுபேற்றுக்காகவுமன்று; உலகத்தையும் அதில் வாழும் மனிதரையும் காணவேண்டும் என்ற ஒரே ஆவலினாற் புறப்படுவது அது. அதற்கு எடுத்துக்காட்டாக, எம் நாட்டவரல்லாத ஒரு பெண்மணியின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் கன்னியர் நடத்திய மிஷன் பாடசாலையொன்றிற் பயின்றவள். அங்குள்ள நூலகத்தின் கீழ்த்தட்டில், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. டேர்வ்லா மேர்பி என்னும் அயர்லாந்துப் பெண் 1965இல் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்' என்ற நூல் அது. துவிச்சக்கரவண்டியொன்றில் ஏறித் தன்னந்தனியே அயர்லாந்திலிருந்து இந்தியாவரை சென்ற கதை. பதினைந்து வயதில் அதனைப் படித்தபோது, பரீட்சையெல்லாம் முடிந்த மறுநாளே நானும் இப்படிப் போய்விடுவேன் என்று மனத்துள் உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதி இன்று எந்நிலையில் உள்ளது என்பதை இறுதியிற் சொல்வேன்.

டேர்வ்லா மேர்பி 1931ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆந் திகதி அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள லிஸ்மோர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அம்மாவட்டத்து நூலகர். வீட்டில் ஒரே பிள்ளை. பத்தாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு பழைய துவிச்சக்கரவண்டியைக் கொடுத்தனர். பாட்டனார் ஒரு தேசப்படப் புத்தகத்தைக் கொடுத்தார். சில நாட் கழித்து ஊருக்கு அருகேயுள்ள மேட்டில் வண்டியை மிதித்து ஏறிக்கொண்டிருந்தபோது, இக்கால்கள் இப்படியே ஓயாமற் சுழன்றால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்ற எண்ணம் அச்சிறுமிக்கு உதித்தது. அதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னாற் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்விடத்தில், இளைஞர்களே, நீங்கள் சற்றுக் கவனமாகக் கேட்கவேண்டும். பத்து வயதில் எண்ணியவர் புறப்பட்டது எப்போது? 1963ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி. அப்போது அவருக்கு வயது 31. இடைப்பட்ட 21 ஆண்டுகளும் அவர் என்ன செய்தார்?

அவருடைய தாயார் மூட்டுவாத நோயினால் நடமாட்டம் இழந்தவர். மகள் வோட்டர்போர்ட் நகரத்து உர்சுலைன் கன்னியர் மடப் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்தாள். தாயைக் கவனிக்க ஆளில்லாமற் போகவே, 14ஆம் வயதிற் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு வந்தாள். அன்று தொடங்கி ஏறத்தாழ 16 ஆண்டுகள் தாயைத் தூக்கி, கிடத்தி, உணவூட்டி, இரவிற் பலமுறை எழும்பிப் பணிவிடை செய்தாள். 1961இல் தந்தையார் இறந்தார். 1962இல் தாயாரும் இறந்தார். அதன் பின்னரே வண்டி இந்தியாவை நோக்கித் திரும்பியது.

இதனைக் கேட்டதும் பெரியோர்களுக்கு மகிழ்ச்சி உண்டாகியிருக்கும். "பார்த்தீர்களா, கடமையை முடித்த பின்னரே போனாள்" என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் கதை அவ்வளவோடு முடியவில்லை. 1979இல் வெளிவந்த 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' என்ற தன்வரலாற்று நூலில், அவ்வாண்டுகள் தமக்கு எத்துணைப் பாரமாயிருந்தன என்பதை அவர் ஒளிக்காது எழுதியுள்ளார். கடைசிக் காலத்தில் தாய்க்கும் மகளுக்குமிடையே கசப்பு மூண்டதையும், தம் உள்ளமும் உடலும் உடைந்துபோகும் நிலைக்கு வந்ததையும் மறைக்கவில்லை. கடமையைச் செய்தவர் அதைப் புன்னகையோடு செய்தார் என்று நாம் கதை கட்டிவிடலாகாது. அப்படிக் கட்டிய கதைகள்தாம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்பிள்ளைகளைப் பேசவிடாமற் செய்திருக்கின்றன.

வேறொரு செய்தியும் அவ்வரலாற்றில் உண்டு. அதுவே என் மனத்தை மிகவும் தொட்டது. அத்தாயார் கட்டிலோடு கிடந்தவராயினும், மகளைக் கட்டிலின் காலோடு கட்டிவைக்க விரும்பவில்லை. உலகைத் தனியே சென்று காண் என்று அவரே மகளை ஊக்கினார். 1951இல் வேல்ஸ், தென் இங்கிலாந்து ஆகிய இடங்களுக்கு ஒரு குறுகிய பயணம். 1952இல் பெல்ஜியம், ஜேர்மனி, பிரான்ஸ். பின்னர் இருமுறை ஸ்பெயின். சில வாரம் போவதும், மீண்டு வந்து தாயின் கட்டிலருகே நிற்பதுமாக அவ்வாண்டுகள் கழிந்தன. இந்தியப் பயணத்துக்கு வேண்டிய பழக்கமெல்லாம் அக்குறும் பயணங்களிலேதான் அவருக்கு வாய்த்தது.

இனிப் பணத்துக்கு வருவோம். "இதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி, அவர்களிடம் காசு இருக்கிறது" என்று என் பெரியப்பா சொல்வார். டேர்வ்லா மேர்பி ஜனவரி 14இல் பிரான்சின் டன்கேர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஜூலை 18இல் டில்லியை அடைந்தார். ஆறு மாதத்திற்குச் சற்று மேல். அவ்வளவு காலத்துக்கும் ஆன செலவு ஏறத்தாழ 64 பவுண். அக்காலத்து நாணய மாற்றின்படி இலங்கைப் பணத்தில் ஏறக்குறைய 850 ரூபா. நாளொன்றுக்கு ஏழு சிலிங் அளவில்.

இஃது எவ்வாறு இயன்றது? மந்திரமொன்றுமில்லை, கணக்குத்தான். சேர்த்துவைத்த தொகையை ஒரு நாட் செலவால் வகுத்தால் வருவது, நாம் சுயாதீனமாய்த் திரியக்கூடிய நாட்களின் தொகை. தொகையைப் பெருக்க இயலாதவர் செலவைச் சுருக்கினால் நாட்கள் பெருகும். துவிச்சக்கரவண்டிக்கு எரிபொருளும் பயணச்சீட்டும் வேண்டா. மெல்லச் செல்பவருக்கு விரைந்து செல்பவரிலும் செலவு குறைவு. தேநீர்க் கடைகளிலும் கிராமத்தார் வீடுகளிலும் ஊரார் உண்பதையே உண்டார். கிடைத்த இடத்திற் படுத்தார். வண்டியில் மூன்று வேகத்துக்கான பற்சக்கர அமைப்பு இருந்தது. ஆசியாவின் கற்பாதைகளில் அது உடைந்தாற் பழுதுபார்ப்பார் இல்லையென்று புறப்படுமுன்னரே கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள பிரித்தானியத் தூதரகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். டொன் குயிக்சோட்டின் குதிரை ரொசினாந்தே நினைவாக வண்டிக்கு 'ரோஸ்' என்று பெயரிட்டார்.

இளைஞர்களே, இதனைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதிலே ஒழுங்கு இருக்கிறது. உத்தியோகத்துக்குப் போய்வருபவருக்கு நாளை எப்படி நடத்துவதென்று கந்தோர் மணியே சொல்லிவிடும். வழிப்போக்கரோ எழும்புவது, உண்பது, செலவிடுவது, தங்குவது யாவற்றையும் தாமே வரையறுக்கவேண்டும். வீட்டிலே தன் படுக்கையை மடித்துவைக்காத பிள்ளை உலகஞ் சுற்றப் போனால், மூன்றாம் நாளே கைப்பணமும் போய் மனவுறுதியும் போய்விடும்.

ஆபத்து இல்லையா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இருந்தது. அவ்வாண்டுப் பனிக்காலம் ஐரோப்பாவிற் பல தசாப்தங்களுள் மிகக் கடுமையானது. யூகோசிலாவியாவில் இருளிற் பனிக்காட்டினூடே நடந்தபோது ஓநாய்கள் பாய்ந்தன. கைத்துப்பாக்கியாற் சுட்டுத் தப்பினார். துருக்கியின் கிழக்கெல்லையில், இரவிலே அறைக்குள் நுழைந்த ஆடவன் ஒருவனைக் கூரையை நோக்கிச் சுட்டு விரட்டினார். ஆப்கானிஸ்தானத்திற் பஸ் வண்டியில் மூண்ட சண்டையொன்றில் துப்பாக்கியின் அடிக்கட்டை பட்டு விலா எலும்புகள் முறிந்தன. இவற்றை அவர் தம் நூலில் மறைக்கவில்லை, பெரிதாக்கவுமில்லை. தனியே போகும் பெண்ணுக்கு ஒன்றும் நேராது என்று உங்கள் முன் நின்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால், வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் நேராது என்று சொல்பவர்களும் உண்மை பேசவில்லை என்பதை மட்டும் பணிவோடு கூறிக்கொள்கிறேன்.

இவற்றிலும் நுண்ணிய வேறோர் இடர் உண்டு. அது வழிப்போக்கருக்கு நேரும் இடரன்று. வழிப்போக்கரால் நேரும் இடர். ஆப்கானிய மலைக்கிராமங்களில், தமக்கே ரொட்டி போதாத குடும்பத்தார் இவ்வந்நியப் பெண்ணுக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்தனர். நான் குறைந்த செலவிற் பயணஞ் செய்தேன் என்று ஒருவர் பெருமை பேசும்போது, அக்குறைந்த செலவின் மிச்சத்தை யார் செலுத்தினார் என்று நாம் கேட்கவேண்டும். பலவேளைகளில் அதனைச் செலுத்தியவர் அவரிலும் வறியவராயிருப்பார். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்து உண்டவர் கடமை யாது என்பதை நாம்தான் சிந்திக்கவேண்டியிருக்கிறது.

இக்காலத்திலே தென்கிழக்காசிய நகரங்களின் தெருவோரங்களில், செல்வ நாடுகளிலிருந்து வந்த இளைஞர் சிலர் தம் பயணச் செலவுக்குக் காசு தாருங்கள் என்று அட்டை பிடித்து உட்கார்ந்திருப்பது பலருடைய கண்டனத்துக்கும் ஆளாகியுள்ளது. கைப்பணம் முடிந்தால் வீடு திரும்புவதற்குப் பதிலாக, தம்மிலும் எளியோரிடம் கையேந்துகிறார்கள். சிறு கைப்பொருளோடு போவது வேறு. பிறர் கைப்பொருளோடு போவது வேறு.

டேர்வ்லா மேர்பி தாம் உண்ட கடனை எவ்வாறு தீர்த்தார்? டில்லியை அடைந்த பின்னர் உடனே கப்பலேறவில்லை. 1959இல் திபெத்திலிருந்து இந்தியாவுக்கு அகதிகள் பலர் வந்திருந்தனர். தர்மசாலாவிலே அவ்வகதிகளின் குழந்தைகள் நோயும் பசியுமாய் நெருங்கிக் கிடந்த நிலையத்திற் சேர்ந்து பணிசெய்தார். 16 ஆண்டுகள் நோயாளியைப் பராமரித்த கை அங்கே பயன்பட்டது. பின்னர் நேபாளத்திற் பொக்கராவிலும் திபெத்தியரிடையே பணிபுரிந்தார். கொடுத்த கிராமத்தாருக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது, வேறெவருக்காவது கொடுத்தார். அகதி வாழ்வு இன்னதென்று அறிந்த எமக்கு, அதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

அவர் அத்தோடு நின்றவருமல்லர். கோவேறு கழுதையொன்றோடு எத்தியோப்பிய மலைகளில் நடந்தார். 1973இல் ஐந்து வயதுகூட நிறையாத மகளையும் அழைத்துக்கொண்டு தென்னிந்தியாவுக்கு வந்து, குடகு நாட்டில் தங்கி, அதுபற்றியும் ஒரு நூல் எழுதினார். எழுத்தே அவருடைய சீவனோபாயம் ஆயிற்று. ஆயினும் ஒவ்வொரு பயணத்தின் பின்னரும் பிறந்த லிஸ்மோருக்கே திரும்பினார். 2022ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி, தமது 90ஆம் வயதில், அவ்வூரிலேயே காலமானார்.

இவரோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரைச் சொல்லுகிறேன். டேர்வ்லா மேர்பி புறப்பட்ட அதே பனிக்காலத்தில், சில வாரங்களுக்கு முன்னர், 1962 நவம்பரில், ஜேர்மனியில் ஹோவெல்ஹோப் என்னும் சிற்றூரிலிருந்து ஹைன்ஸ் ஷ்டூக்கே என்ற 22 வயது இளைஞர் துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவ்வேலைக்கு மீள விருப்பமில்லை. தம் பயணம்பற்றிய சிறு புத்தகங்களையும் புகைப்படங்களையும் விற்றுச் செலவைச் சமாளித்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பயணம் நீடித்தது. ஆறு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் மிதித்தார். 2014இலேதான் சொந்த ஊரிற் குடியிருக்கத் திரும்பினார்.

இருவரும் கடின உழைப்பாளிகள். இருவரும் பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்கள். ஷ்டூக்கே அவர்களின் உறுதியை எண்ணி வியக்கிறேன். ஆனால் வியப்பது ஒன்று, பின்பற்ற விரும்புவது ஒன்று. அரை நூற்றாண்டு வெளியில் நின்றவருக்கு ஊரிலே என்ன மிஞ்சியிருக்கும்? அவரோடு விளையாடியவர்கள் கிழவராகியிருப்பர். அவர் கண்டதைக் கேட்க ஆசைப்பட்ட பலர் மறைந்திருப்பர். மேர்பியின் வழி எனக்கு அதிகம் பிடித்திருப்பதற்குக் காரணம் அவர் திரும்பிவந்தார் என்பதே. சென்றவர் திரும்பிவந்து சொன்னாற்றான் ஊருக்கும் அதிற் பங்கு கிடைக்கும்.

அவர் சென்ற வழி இன்று எமக்குத் திறந்திருக்கிறதா? இல்லை. 1979ஆம் ஆண்டில் ஈரானில் ஏற்பட்ட புரட்சியும், அவ்வாண்டின் இறுதியிற் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்துட் புகுந்ததும் அத்தரைவழியை அடைத்துவிட்டன. மேலும், எம்முடைய கடவுச்சீட்டு அவர்களுடையதைப்போல் எல்லாக் கதவையும் திறப்பதன்று. ஐரோப்பாவுக்குப் போகவேண்டின், நாம் திரும்பிவருவோம் என்பதை வங்கிக் கணக்கைக் காட்டி நிரூபிக்கவேண்டும். சேமிப்புச் சிறிதென்பதே எம் மீது ஐயுறவுக்குக் காரணமாகிறது. இவ்வேற்றத்தாழ்வை மறந்து, "துணிந்தால் உலகமே உனது" என்று பேசுவது எம் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் வழி முற்றாக அடைபட்டதுமன்று. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரிற் கப்பற் சேவை தொடங்கியது. இடையிற் தடைப்பட்டு, 2024 ஓகஸ்டில் மீண்டும் நடைபெற்றது. என் அம்மம்மா சிறுமியாயிருந்தபோது தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, புகையிரதத்திற் சிதம்பரம் போனவர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அத்தனுஷ்கோடி அழிந்தது. கட்டுச்சாதத்தோடும் ஒரு தகரப்பெட்டியோடும் போனதையும், சத்திரத்திற் படுத்ததையும் அவர் இன்றும் நேற்று நடந்ததுபோற் சொல்லுவார்.

இப்போது என்னைப்பற்றிச் சொல்லவேண்டும். பதினைந்து வயதிற் செய்த உறுதியை நான் மறக்கவில்லை. மூன்று வருடமாகச் சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து ஒன்றரை இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறேன். நாளுக்கு மூவாயிரம் ரூபா என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். ஐம்பது நாள் வருகிறது. செலவைப் பாதியாக்கினால் நூறு நாள். இறுதிப் பரீட்சை முடிந்ததும், உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்காமல், இதனையும் இன்னும் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வருடம் போவது என்று தீர்மானித்திருந்தேன். இக்கூட்டத்தில் அதனை நியாயப்படுத்திப் பேசவே இவ்வுரையை எழுதத் தொடங்கினேன்.

அவ்வாறிருக்க, சென்ற மாசியில் அம்மம்மா பாரிசவாதத்தினாற் படுக்கையில் விழுந்தார். அம்மா ஆசிரியை, காலையிற் பாடசாலைக்குப் போகவேண்டும். தம்பி இவ்வருடம் உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிறான். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, அம்மம்மாவைத் திருப்பிக் கிடத்தும் வேலை என்னுடையதாயிற்று. ஓரிரவு அவ்வேலையை முடித்துவிட்டு, மேர்பியின் நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். பதினைந்து வயதில் ஓநாய்களையும் மலைகளையும் மட்டுமே அதிற் கண்ட நான், அப்போதுதான் அந்தப் பதினாறு ஆண்டுகளை எண்ணிப்பார்த்தேன்.

இதனால் நான் என் எண்ணத்தைக் கைவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கடமையென்று சொல்லி ஆசையைப் புதைத்துவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் அந்தக் கோபத்தை வீட்டார்மீது காட்டுபவர்களையும் நான் அறிவேன். போவதா, இருப்பதா என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம் என்பதே நான் கண்டது. இப்போது எவ்வளவு தூரம் போகலாம்? எப்போது திரும்பவேண்டும்? நான் இல்லாத நாளில் என் வேலையை யார் செய்வார்?

இதனை மனத்தில் வைத்து, புறப்பட விரும்பும் என் வயதினருக்குச் சிலவற்றைக் கூறுகிறேன். கடனோடு புறப்படாதீர்கள், அடைவு வைத்த நகையை மீட்காது எடுத்துவைக்கும் அடி பயணமன்று. திரும்பிவருவதற்கான பணத்தையும், நோய் வந்தால் வேண்டிய பணத்தையும் புறம்பாக வைத்துவிட்டு, மிஞ்சியதையே வகுத்துப் பாருங்கள். வீட்டிலே உங்களைச் சார்ந்திருப்பவர் எவரென்று எண்ணி, அவருக்கு வழிசெய்யுங்கள். எங்கிருக்கிறீர்கள் என்பதைத் தவறாமல் அறிவியுங்கள். எளியோர் வீட்டில் உண்டால், அங்கே ஒரு வேலையாவது செய்துவிட்டு எழும்புங்கள். முதலிற் குறுகிய பயணம், பின்னர் நெடியது.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "போ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடன்பட்டுக் கனடாவுக்குப் போகும் பிள்ளையை விமான நிலையம்வரை கூட்டிச்சென்று வழியனுப்புகிறீர்கள். தன் சேமிப்பில் மூன்று மாதம் உலகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவருவேன் என்னும் பிள்ளையை விசரென்கிறீர்கள். முன்னவன் திரும்புவான் என்பதற்கு உறுதியில்லை. பின்னவள் திரும்பிவருவேன் என்றே சொல்கிறாள். லிஸ்மோரிற் கட்டிலோடு கிடந்த அந்தத் தாய், கைகால் வழங்காத நிலையிலும் மகளை வெளியே அனுப்பினாள். அதனாலேயே மகள் மீண்டும் மீண்டும் அவளிடம் திரும்பிவந்தாள் என்று நான் நம்புகிறேன்.

என் ஒரு வருடப் பயணம் இப்போதைக்கு இல்லை. அடுத்த விடுமுறையில் மூன்று வாரம் மட்டும் போகிறேன்: காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம், அங்கிருந்து காவிரிப் பக்கத்து ஊர்கள், பின்னர் சிதம்பரம். அந்த மூன்று வாரமும் சின்னம்மா எங்கள் வீட்டில் வந்து நிற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு ஈடாக, அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுவதும் கணிதஞ் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான்.

அம்மம்மாவிடம் இதனைச் சொன்னபோது, அவருக்கு நா இன்னும் சரியாகத் திரும்பவில்லை. சிறிது நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "அந்தச் சத்திரம் இருக்குதோ எண்டு பாத்துக்கொண்டு வா, பிள்ளை" என்றார்.

பார்த்துவந்து அவரிடம் சொல்லுவேன். அனுமதித்தால், அடுத்த ஆண்டு விழாவில் உங்களிடமும் சொல்லுவேன்.